யாருடைய கோடை விடுமுறை?

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிறுவர்கள் கூட்டுச் சேர்ந்து எலுமிச்சைச் சாறு விற்கின்றனர். முதலீடு பெற்றோருடையது, நட்டத்தைத் தாங்குவதும் அவர்களே. இதில் குற்றம் ஏதுமில்லை. கூடி உழைத்து மகிழ்வது எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது.

அதே கோடையில், அதே நகரின் குடிசைப் பகுதிகளிலும் பிள்ளைகள் கூடி அமர்ந்து வேலை செய்கின்றனர். கே.ஆர். மார்க்கெட்டில் வந்திறங்கும் உதிரிப்பூ, முகூர்த்த நாட்களில் சரமாகக் கட்டப்படுவதற்கு வீடுகளைத் தேடி வருகிறது. கட்டிய அளவுக்கே கூலி. தாயின் கைகள் போதாதபோது பிள்ளைகளின் கைகளும் சேர்கின்றன. முன்னதற்குத் தொழில்முனைவு என்று பெயர். பின்னதற்குக் 'குடும்பத்துக்கு உதவி' என்று பெயர்.

இந்த இரண்டாவது பெயருக்குச் சட்டமே முத்திரை குத்தியிருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டோரை எவ்வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று கூறிய 2016ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் அபாயகரமற்ற குடும்பத் தொழிலில் அவர்கள் உதவலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது. அத்தை, மாமன், சித்தப்பா, சித்தி ஆகியோரும் அதன்படி குடும்பத்தினரே. நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வீட்டுக்குள் நடக்கும் வேலையை எந்த ஆய்வாளர் கடிகாரத்துடன் நின்று அளக்கப் போகிறார்?

பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்பதில் என்ன தவறு என்கின்றனர் ஆட்சியாளர்கள். தமிழ் மக்களுக்கு இவ்வாதம் புதிதல்ல. 1953இல் ராஜாஜியின் கல்வித் திட்டமும் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. அதைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்டு எதிர்த்த மக்கள், 1954இல் திரும்பப் பெற வைத்தனர்.

எலுமிச்சைச் சாறு விற்கும் சிறுமி சலித்தால் கடையை மூடிவிடலாம். வீட்டு வாடகைக்காகப் பூக்கட்டும் சிறுமியால் அது முடியாது. வர்க்க வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

எனவே, சட்டத்தின் குடும்பத் தொழில் விலக்கு நீக்கப்பட வேண்டும். அது மட்டும் போதாது. கூலி உயராமல் விலக்கை நீக்கினால் சுமை அந்தத் தாயின் தலையிலேயே விழும். வீடுசார் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டு ஐ.எல்.ஓ. உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்காக இத்தாய்மார்களைச் சங்கத்தில் திரட்டும் பணியைக் கோடை முடியும்வரை தள்ளிப்போட முடியாது.