சுன்னாகத்துக் கிணறும் தீவகத்துக் காற்றாடியும்

காற்றாலை என்றால் தூய்மை. சூரியப்படல் என்றால் பசுமை. அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்பவன் அபிவிருத்தியின் எதிரி. இப்படியொரு வாய்பாடு இன்று வடபுலத்து மக்களுக்கு மனனம் செய்விக்கப்படுகிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் அதனை ஒப்புவிக்கக் கேட்கும்போதெல்லாம் எமக்குச் சுன்னாகத்துக் கிணறுகளே நினைவுக்கு வருகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள், உவர்நீரின் மேல் தங்கி நிற்கும் மழைநீரே எமது ஒரே சொத்து. குடிப்பதும் அதுவே, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அதுவே. அந்தப் பாறையில் ஓரிடத்தில் கொட்டப்படுவது இன்னோரிடத்துக் கிணற்றில் வந்து சேரும்.

போர்க்காலத்தில் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டுக்கு எண்ணெய் எரித்தே மின்சாரம் கிடைத்தது. போர் முடிந்த பின்னரும் சுன்னாகத்தில் நொதேர்ண் பவர் நிறுவனத்தின் அனல்மின் நிலையம் இயங்கியது. சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மக்கள் போராடிய பின்னர், 2015 தொடக்கத்தில் நிலையம் நிறுத்தப்பட்டது. நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் எண்ணெய் மாசைக் காட்டின. வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அஞ்சத்தக்க நச்சு இல்லை என்றது. பிள்ளைக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்று கேட்ட தாய்க்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. அதாவது, பதிலே கிடைக்கவில்லை.

2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி அந்நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும்; பாதிக்கப்பட்ட கிணறொன்றுக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தமது கடமையில் தவறியதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆகவே சுன்னாகத்தின் குற்றவாளி எண்ணெய் மட்டுமன்று. அனுமதியை வழங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட நிர்வாகமுந்தான். எண்ணெயின் இடத்தில் காற்றை வைத்தவுடன் அந்த நிர்வாகம் திருந்திவிடுமா?

தீவகத்தைப் பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்டத்தை 2021 ஜனவரியில் அமைச்சரவை சீன நிறுவனமொன்றுக்கு வழங்கியது. தனது கரைக்கு இவ்வளவு அருகில் சீனாவா என்று இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தரப்பு திட்டத்தை இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் அது இந்தியாவின் கைக்கு மாறியது; 11 மில்லியன் டொலர் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. மூன்று ஆண்டுகள் கடந்தன. பெய்ஜிங் பேசியது, டில்லி பேசியது, கொழும்பு தலையசைத்தது. நெடுந்தீவானை ஒருவராவது கேட்டார்களா?

கேட்டிருந்தால் அவன் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இத்திட்டத்தில் 530 கிலோவாற்று காற்று, 1,700 கிலோவாற்று சூரியன், மின்கல அடுக்கு ஆகியவற்றுடன், தேவையேற்படின் இயக்குவதற்கென 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்களும் உள்ளன. நன்னீர் அரிதான அந்தத் தீவுகளில் டீசல் கசிந்தால் பொறுப்பு யாருடையது? ஆயுள் முடிந்த மின்கலங்கள் எங்கே புதைக்கப்படும்? கிணறுகளை யார், எத்தனை மாதத்துக்கொரு முறை பரிசோதிப்பார்? அந்த அறிக்கை தமிழில் மக்கள் கைக்கு வருமா?

தூய சக்தியை நாம் எதிர்க்கவில்லை. எதிர்ப்பது மடமை. கடல்மட்டம் உயர்ந்தால் உவர்நீர் முதலில் புகுவது எமது கிணறுகளில்தான். 2014 முதல் பளையில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றும் வெயிலும் எமக்குக் குறைவில்லை. நாம் எதிர்ப்பது, மக்களைக் கேளாமலே முடிவெடுத்துவிட்டு அதன்மேல் பச்சை வர்ணம் பூசும் வழக்கத்தை. அவ்வழக்கத்தின் விளைவை மன்னாரில் கண்டோம். 2025 ஓகஸ்டில் அங்கு மக்கள் காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கிய பின்னரே ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். வீதிக்கு வந்தால்தான் செவிசாய்ப்போம் என்பது எந்த ஊர்ச் சனநாயகம்?

எமது கோரிக்கைகள் எளியவை. எந்தத் திட்டமானாலும் அதன் சுற்றாடல் அறிக்கை, ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்னரே தமிழில் பிரதேச சபையில் வைக்கப்பட வேண்டும். கிணற்று நீர்ப் பரிசோதனை முடிவுகள் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். சேதம் நேர்ந்த பின் நீதிமன்றப் படியேறி 40,000 ரூபா பெறுவதற்குப் பதிலாக, கம்பனியிடம் முன்கூட்டியே பிணைப்பணம் பெறப்பட வேண்டும். இவை அபிவிருத்திக்கு எதிரான கோரிக்கைகள் என்போர், சுன்னாகத்துக்குச் சென்று ஒரு குவளை தண்ணீர் கேட்டுப் பார்க்கட்டும்.