"முழு உடம்பையும் ஸ்கேன் எடுங்க" என்று சத்தம் போடும் முன்



சென்ற மாதம் என் தங்கை பேரன் பைக்கிலிருந்து விழுந்து அடிபட்ட செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் நாங்கள் பத்துப் பேர். "தலையிலிருந்து இடுப்பு வரை சி.டி. எடுங்க, பணத்தைப் பற்றிக் கவலையில்லை" என்று சத்தம் போட்டதில் நானும் ஒருவன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே பாடம் நடத்தியவன்!

அந்த இளம் டாக்டர் கோபப்படவில்லை. "ஐயா, பிரஷர் இறங்கிக்கிட்டே இருக்கு. சி.டி. அறைக்குக் கொண்டுபோக இப்ப நேரமில்லை" என்றார். படுக்கையிலேயே வயிற்றில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார். உள்ளே ரத்தம். நேராக ஆபரேஷன் தியேட்டர். மண்ணீரல் கிழிந்திருந்தது. பையன் இன்று வீட்டில் இருக்கிறான்.

அந்த வெட்கத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். முழு உடல் சி.டி. நல்ல கருவிதான். நினைவில்லாதவனால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. மூளை ரத்தக்கசிவு, கழுத்தெலும்பு முறிவு, ஈரல் கிழிசல் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் அது காட்டிவிடும். ஆனால் நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நடந்த ரியாக்ட்-2 ஆய்வு 2016இல் லான்செட் இதழில் வந்தது. பலத்த காயம்பட்ட 1,083 பேரில் பாதிப் பேருக்கு உடனே முழு உடல் சி.டி.; மீதிப் பேருக்கு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், தேவையான இடத்துக்கு மட்டும் சி.டி. இரண்டு பக்கமும் மருத்துவமனையில் இறந்தவர்கள் 16 சதவீதம். முதல் பிரிவில் காயங்கள் சில நிமிடம் முன்னதாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

கதிர்வீச்சும் உண்டு. முழு உடல் சி.டி.யில் சுமார் 20 மில்லிசீவர்ட். இயற்கையில் ஓர் ஆண்டுக்குச் சராசரி 2.4. உயிர் ஊசலாடும்போது அந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம். சிராய்ப்போடு வந்த குழந்தைக்கு "எதுக்கும் எடுத்துப் பார்த்துடலாம்" என்பதுதான் தவறு.

என் கருத்து இதுதான்: எந்த ஸ்கேன் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நாம் சொல்ல வேண்டியது வேறு. எப்படி விழுந்தார், ஹெல்மெட் போட்டிருந்தாரா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சிறுநீரகக் கோளாறு உண்டா, பெண் என்றால் கர்ப்பமா? இதை ஒருவர் மட்டும் நிதானமாகச் சொன்னால் போதும். மற்றவர்கள் வெளியே உட்காருங்கள்.

இது இந்த வாத்தியார் தாமதமாகப் படித்த பாடம். மருத்துவம் படித்த என் மாணவர்கள் தவறிருந்தால் திருத்துங்கள்.