'நல்ல உள்ளங்களே' என்றால் யாரும் திரும்புவதில்லை!

"ஐந்நூறு பேருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன்ல. ஏழு பேருதான் போட்டுருக்காங்க."

மணியாச்சியில் ரயிலைவிட்டு இறங்கியதும் சித்தப்பா சொன்ன முதல் சேதி இது. ஊரில் அவர் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்தில் 30 பிள்ளைகள். கூரை ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்கு முன் மாற்றியாக வேண்டும்.

அவர் அனுப்பியதைப் பார்த்தேன். 'நல்ல உள்ளங்களே, உதவுங்கள்.' கீழே வங்கிக் கணக்கு எண். எதற்கு, எவ்வளவு என்று ஒரு வரி இல்லை.

இதற்கான பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. எட்டயபுரம் பாரதி மணிமண்டபம் அரசு கட்டிக் கொடுத்ததல்ல. 'கல்கி' கிருஷ்ணமூர்த்தி தன் பத்திரிகையில் கேட்டார், மக்கள் கொடுத்தார்கள். 1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947-ல் மண்டபம் திறந்தாயிற்று. கல்கி கேட்டது யாரிடம்? வாராவாரம் தன் எழுத்தைப் படித்தவர்களிடம், பாரதியை ஏற்கெனவே நேசித்தவர்களிடம். எதற்காகக் கேட்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

அன்று ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். அந்த மையத்தில் படித்தவர்கள் இப்போது எங்கே? திருப்பூர், சிவகாசி, சென்னை, துபாய்... 40 பெயர்கள் தேறின. கூரைக்கு 48 தகர ஷீட் தேவை. 'ஒரு ஷீட் உங்க பேர்ல' என்று கேட்பதாக முடிவு. மெசேஜ் இல்லை, போன்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, சித்தப்பா பேசி முடிக்கும் முன்பே சொன்னார்: "எனக்கு ரெண்டு போடுங்கண்ணே. மழை வந்தா நோட்ட மடிக்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்தவதான நானு!"

எல்லா போனும் இப்படி முடியவில்லை. ஒருவர் கேட்டார்: "மூணு வருஷம் முன்ன குடுத்தேனே, அது என்னாச்சுண்ணே?"

சித்தப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பணத்தில் பெஞ்சு வாங்கியிருந்தார். ஒரு பைசா வீணாகவில்லை. ஆனால், கொடுத்தவரிடம் சொல்லவே இல்லை. மறுநாள் பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து, பெஞ்சில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படத்தோடு அவருக்கு அனுப்பினார். 'தாமதமாச் சொல்றதுக்கு மன்னிச்சுக்கோங்க' என்று ஒரு வரியும் சேர்த்தார். பணம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, அவருடன் படித்த நான்கு பேரின் நம்பர் வந்தது.

கேட்பதற்கு முன் நம் ஆட்கள் யார் என்று தேட வேண்டும். வாங்கிய பிறகு, என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். நாம் பெரும்பாலும் நடுவில் இருக்கும் வேலையை, அதாவது கேட்பதை மட்டும்தான் செய்கிறோம்.

இதுவரை 31 ஷீட்டுக்குப் பணம் சேர்ந்திருக்கிறது. இன்னும் 17 பாக்கி. மேகம் கூடிக்கொண்டிருக்கிறது, சித்தப்பா போனைக் கீழே வைக்கவில்லை.