தொட்டியோடு நடலாமா?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு ஜுரம் வரும். யார் வீட்டில் என்ன விதை, யாருக்கு எத்தனை முளைத்தது என்பதுதான் பேச்சு. பால் வாங்கப் போனால்கூட அதே பேச்சு. சென்ற ஆடியில் அந்த ஜுரத்தோடு புதிதாக ஒரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. மக்கும் தொட்டி. தென்னை நாரில் செய்த சின்னத் தொட்டி. அதில் விதை போட்டு, நாற்று வளர்ந்ததும் தொட்டியைக் கழற்றாமல் அப்படியே மண்ணில் புதைத்துவிடலாம், வேர் அசையாது, தொட்டி தானே மக்கி உரமாகிவிடும் என்றார்கள். ஒரு கண்காட்சியில் ஒன்று 15 ரூபாய் என்று விற்றார்கள். நானும் ஆறு வாங்கினேன்.

அந்த ஆறு தொட்டிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

பாகூரில் என் அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டைச் சுரை உண்டு. கழுத்து கிடையாது, ஏறக்குறைய உருண்டை. ஒரு காய் இரண்டு பேருக்குக் கூட்டு வைக்கச் சரியாக இருக்கும். கடையில் இப்போது கிடைக்கும் நீட்டுச் சுரையைப்போல் சப்பென்று இருக்காது. அக்காவின் மாமியார் காலத்திலிருந்து விதை எடுத்து விதை போட்டு வந்தது. அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கொல்லையில் இப்போது வீடு கட்டிவிட்டார்கள். சாம்பலில் புரட்டி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவள் எனக்குக் கொடுத்துவைத்த விதையில் மிச்சம் ஒன்பது இருந்தது. உலகத்தில் வேறு யாரிடமாவது அந்த விதை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஆறைப் புதுத் தொட்டியில் போட்டேன். ஒன்பதையும் போடத்தான் எடுத்தேன். "மூணு இருக்கட்டும்" என்று வீட்டுக்காரி பாட்டிலைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். ஐம்பது வருஷத்தில் அவள் பேச்சைக் கேட்டு நான் கெட்டதில்லை.

ஆறில் ஐந்து முளைத்தன. பதினைந்தாம் நாள் இரண்டு நிஜ இலை விட்டதும், சொன்னபடியே தொட்டியோடு பெரிய டிரம்மில் நட்டேன். தண்ணீர் தவறாமல் ஊற்றினேன். நாலாம் நாள் இலை தொய்ந்தது. சாயங்காலம் நிமிரும், காலை பத்து மணிக்குத் தொங்கிப்போகும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரத்தில் ஐந்தும் போய்விட்டன.

தோண்டிப் பார்த்தேன். தொட்டி வாங்கிய அன்றைக்கு இருந்ததைப்போல அப்படியே இருந்தது. சுற்றிலும் மண் ஈரம், தொட்டிக்குள்ளே மண் சுண்ணாம்புப் பொடி மாதிரி உலர்ந்து கிடந்தது. வேர் வெளியே வர வழி தெரியாமல் உட்சுவரை ஒட்டி வட்டமடித்திருந்தது. ஒரே ஒரு செடியில் மட்டும் மயிரிழை போல இரண்டு வேர் நாரைத் துளைத்திருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. தென்னை நார் மக்காது என்பது நமக்குத் தெரியாத விஷயமா? மட்டையை உப்பங்கழியில் ஆறு மாதம், எட்டு மாதம் ஊறப் போடுகிறார்கள். மற்றதெல்லாம் அழுகிப்போன பிறகு அழுகாமல் மிஞ்சுவதற்குப் பெயர்தான் நார். அதனால்தான் அதைத் திரித்துக் கிணற்றுக்கும் தோணிக்கும் கயிறாக்கினார்கள். அந்த நாரின்மேல் ரப்பர் பாலும் தெளித்து, அச்சில் வைத்து அழுத்தித் தொட்டியாக்கிவிட்டு, மூன்று வாரத்தில் உரமாகும் என்று எதிர்பார்த்தால் தவறு நார் மேலா, நம் மேலா? மக்கும், அதில் பொய் இல்லை. எப்போது மக்கும் என்பதுதான் கேள்வி. எப்போதும் ஈரமாக இருக்கும் தோட்டத்து மண்ணில் ஒரு வருஷத்தில் மக்கலாம். மாடியில், ஆவணி வெயிலில், ஒரு முழ ஆழ மண்ணில் அதற்கு என்ன அவசரம்?

இன்னொன்று, விளிம்பு. நான் நட்டபோது தொட்டியின் வாய் மண்ணுக்கு மேலே அரை அங்குலம் தெரிந்தது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்த அரை அங்குலம் விளக்குத்திரி வேலை செய்கிறது. நாரில் ஏறும் ஈரத்தை வெயில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உள்ளே வேருக்கு ஒன்றும் மிஞ்சாது. விளிம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, முழுதும் மண் மூடும்படி புதைத்திருக்க வேண்டும். நடுவதற்கு முன் தொட்டியைத் தண்ணீரில் ஊற வைத்திருக்க வேண்டும். அடியைக் கத்தியால் கீறி விட்டிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட அந்த உறையில் அச்சிடப்படவில்லை. சிரிக்கும் குழந்தை படம் ஒன்று, 'அப்படியே நடுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து, படிவத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்தீர்களா என்று வந்தவர்களையெல்லாம் கேட்டுக் கடுப்பேற்றியவன் நான். இதில் பொடி எழுத்தே இல்லை. அதையாவது கவனித்திருக்க வேண்டும்.

பிரெஞ்சில் இந்த நாற்றுத் தொட்டிக்கு 'கோதே' என்று பெயர். டுலூஸில் இருக்கும் என் மகள் இரண்டு வருஷம் முன்பு வந்தபோது ஒரு கட்டு கோதே கொண்டுவந்தாள். அது நார் இல்லை, 'தூர்ப்'. பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் அந்தச் சொல்லை உருப்போட்டிருக்கிறேன், பொருளை எழுபது வயது தாண்டித்தான் கையில் தொட்டேன். குளிர் நாட்டுச் சதுப்பு நிலத்தில் பாசி அழுகியும் அழுகாமலும் ஆயிரக்கணக்கான வருஷம் படிந்து உண்டாகும் மண் அது. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும் என்கிறார்கள். அதை வெட்டி எடுத்து, ஒரு தக்காளி நாற்று மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகக் கிண்ணம் செய்கிறார்கள். இதற்கும் பெயர் இயற்கைக்கு உகந்த தொட்டி. மகளிடம் சொன்னேன், "அப்பா, உங்களுக்கு எது கொடுத்தாலும் குற்றம்" என்றாள்.

சரி, தொட்டி யாருக்குத்தான் தேவை? இதை யாரும் கேட்பதில்லை. கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றுக்கும் தொட்டி எதுவும் வேண்டாம். பாத்தியில் நெருக்கமாகத் தூவி, தக்காளியை இருபத்தைந்து நாளிலும், கத்தரியை முப்பது முப்பத்தைந்து நாளிலும், மிளகாயை நாற்பது நாளுக்கு மேலும் பிடுங்கி வெறும் வேரோடு நட்டுத்தான் நம் ஊர் இவ்வளவு காலம் சாப்பிட்டது. சாயங்காலம் நட்டு, இரண்டு நாள் நிழல் கொடுத்தால் போதும், எழுந்து நின்றுவிடும். கீரையைத் தூவினால் தீர்ந்தது. முருங்கைக்குப் போத்து. வேர் அசைந்தால் கோபித்துக்கொள்கிற ஜாதி கொடிவகைதான்: சுரை, பூசணி, பீர்க்கு, புடல், பாகல், வெள்ளரி. அதற்கும் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி, நட வேண்டிய குழியிலேயே விதையை ஊன்றுவது. எலி, அணில், கோழி தொல்லை இருந்தால் மட்டும்தான் வேறு ஏற்பாடு.

அந்த வேறு ஏற்பாட்டை அக்கா செய்து பார்த்திருக்கிறேன். வாழைச் சருகைத் தண்ணீர் தெளித்து மெதுவாக்கி, தொன்னையாக மடித்து, ஈர்க்குச்சியால் தைப்பாள். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சலித்து நிரப்பி, ஒரு தொன்னைக்கு ஒரு விதை. திண்ணை ஓரத்தில் வரிசையாக வைத்துப் பழைய சல்லடையால் மூடிவிடுவாள். பத்து பன்னிரண்டு நாளில் தொன்னையோடு குழியில் வைத்துவிடுவாள். அதற்குள் சருகே பாதி இற்றுப்போயிருக்கும். கையில் எடுக்கும்போது பிய்ந்துவிடுமோ என்று பயந்து இரண்டு கையாலும் ஏந்துவாள். பிய்கிற அந்தத் தொன்னைதான் சரியான தொட்டி என்று இப்போது புரிகிறது. கடையில் வைத்து விற்கிற அளவுக்கு உறுதியான தொட்டி, வேருக்கும் உறுதியாகத்தானே இருக்கும்?

சருகு கிடைக்காத பட்டணவாசிகளுக்கு நேற்றைய செய்தித்தாள் போதும். ஒரு தம்ளரைச் சுற்றி இரண்டு சுற்று, அடியை மடித்து உள்ளே அழுத்தினால் ஆயிற்று. ஒரு தட்டில் நெருக்கமாக அடுக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்ளும். இதிலும் விளிம்பு வெளியே தெரியக் கூடாது.

மக்கும் தொட்டிக்கு நான் எதிரி இல்லை. அதற்கும் ஒரு இடம் உண்டு. ஜூலை முதல் வாரம் வன மகோற்சவம் வரும். 1950-இல் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்தது. உத்தியோகத்தில் இருந்தபோது அப்படிப்பட்ட பல விழாக்களுக்கு நாற்காலி போட, மாலை வாங்க, கணக்கு எழுத நான் போயிருக்கிறேன். பிரமுகர் வருவார், குழிக்குள் செடியை வைப்பார், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார். அடுத்த வாரம் பார்த்தால் கறுப்புப் பிளாஸ்டிக் பை கழற்றப்படாமல் செடி குழிக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். ஒரு தடவை விழா முடிந்த பிறகு நானும் ஒரு பியூனும் இருட்டுவதற்குள் பதினெட்டுச் செடிகளை வெளியே எடுத்துப் பையைக் கிழித்து மறுபடி நட்டோம். அதில் ஒரு புங்கை இன்றைக்கும் இருக்கிறது, அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் எட்டிப் பார்ப்பேன். இப்படிப்பட்ட விழாக்களுக்கு மக்கும் தொட்டியைக் கட்டாயமாக்குங்கள் என்பேன். அது அவசரக்காரர்களுக்கான தொட்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். தோட்டத்து ஈர மண்ணில் நடட்டும், அடியைக் கீறிவிடச் சொல்லிக் கொடுங்கள்.

கறுப்புப் பையையும் ஒரேயடியாகத் திட்ட வேண்டாம். 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் தட்டு, தம்ளர், ஸ்பூன் என்று ஒருமுறை எறியும் பிளாஸ்டிக் சாமான்களைத் தடை செய்தார்களே, அந்தப் பட்டியலில் நாற்றுப் பை இல்லை. சேர்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் சொல்வது வேறு. ஒருமுறை எறிவது பையின் குணம் இல்லை, நம் குணம். என்னிடம் இருக்கும் நாற்பது பைகளுக்கு ஆறு வயது. செடியை எடுக்கும்போது கிழிக்காமல், முதல் நாள் நன்றாக நனைத்து, பக்கவாட்டில் அழுத்திக் கவிழ்த்தால் மண்கட்டியோடு வழுக்கி வந்துவிடும். கழுவிக் காயவைத்தால் அடுத்த பட்டத்துக்கு ஆயிற்று. ஆறு வருஷம் உழைக்கும் பை பூமிக்குக் கெடுதலா, மூன்று வாரத்துக்கு ஒன்றாக 15 ரூபாய் கொடுத்து வாங்கும் தொட்டி நல்லதா என்று கணக்குப் பாருங்கள்.

மீதி மூன்று விதைகளைச் சொல்லாமல் விட்டால் வீட்டுக்காரி விடமாட்டாள். ஆவணி கடைசியில் ஒரு இரவு ஊறவைத்து, மூன்று சருகுத் தொன்னையில் போட்டேன். தைத்தது அவள், என் கைக்கு ஈர்க்குச்சி நிற்கவில்லை. இரண்டு முளைத்தன. ஐப்பசி மழையில் ஒன்று அழுகிவிட்டது. மற்றது பந்தல் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டில் நீட்டுச் சுரை போட்டிருக்கிறார்கள், கலந்துவிடுமோ என்று பயம். சுரைப்பூ பொழுது சாய்ந்துதான் விரியும். டார்ச் எடுத்துக்கொண்டு மேலே போய், ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவி, இதழைச் சேர்த்து நூலால் கட்டிவிட்டு வந்தேன். நாலு நாள் அப்படிச் செய்ததில் ஒரு காய் நின்றது.

அது இப்போது பந்தலில் முற்றிக்கொண்டிருக்கிறது. காம்பு காயவில்லை, தோல் இன்னும் பச்சை. தட்டினால் கட்டையாகச் சத்தம் கேட்க வேண்டும், இன்னும் ஒரு மாதமாவது ஆகும். கீழ்வீட்டு அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார், "அண்ணே, அந்தச் சுரைக்காய் முத்திப் போவுதே, பறிச்சுக் குடுத்தா கூட்டு வைக்கலாமே" என்று. நூல் கட்டின காய் என்று சொல்லியிருக்கிறேன். நம்பினாரா தெரியவில்லை. தினம் காலையில் மாடிக் கதவைத் திறந்ததும் முதலில் பந்தலைத்தான் பார்க்கிறேன்.