எல் சால்வடார்: கொலைகள் குறைந்தது சரி... கைதுகளுக்கு யார் பதில் சொல்வது?

2015-ல் ஒரு லட்சம் பேருக்கு 100-க்கும் மேற்பட்ட கொலைகள். 2024-ல் அரசுக் கணக்குப்படி 2-க்கும் கீழே. மத்திய அமெரிக்காவின் குட்டி நாடான எல் சால்வடாரில் அதிபர் நயீப் புக்கேலே 2024-ல் சுமார் 85% வாக்குகளுடன் மீண்டும் ஜெயித்தார். அப்புறம் ஏன் 'மனிதகுலத்துக்கு எதிரான குற்றம்' என்ற பேச்சு?

என்ன நடந்தது?

2022 மார்ச் 26 அன்று ஒரே நாளில் 62 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாளே நெருக்கடி நிலை. 30 நாள்களுக்கு என அறிவித்தது, மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு வருடக்கணக்கில் ஓடியது. கைதானவரை நீதிபதி முன் நிறுத்தும் கெடு 72 மணி நேரத்திலிருந்து 15 நாளானது. நூற்றுக்கணக்கானோரை ஒரே வழக்கில் விசாரிக்க 2023-ல் வழி செய்யப்பட்டது.

கைதானவர்கள் 80,000-க்கும் மேல். அவர்களில் 8,000 அப்பாவிகளை விடுவித்ததாக புக்கேலேவே 2024-ல் சொன்னார். காவலில் குறைந்தது 261 பேர் இறந்ததாக மனித உரிமை அமைப்பான கிறிஸ்டோசல் அதே ஆண்டு பதிவு செய்தது.

எப்போது இது அந்தக் குற்றமாகும்?

தப்பான கைது எல்லாமே இதில் வராது. ரோம் சாசனத்தின் 7-வது பிரிவுப்படி சட்டவிரோதச் சிறைவைப்பு, சித்திரவதை போன்றவை பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடந்திருக்க வேண்டும். பின்னணியில் அரசின் கொள்கையும் இருக்க வேண்டும். தினமும் இத்தனை பேரைப் பிடிக்கச் சொல்லி மேலிடம் இலக்கு வைத்ததாக 2022-ல் போலீஸ் சங்கத்தினரே புகார் சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது. அது நிரூபணமானால், யாரோ ஒரு காவலரின் தவறு என்று ஒதுக்க முடியாது. கொலைகள் குறைந்தன என்பது இதற்குப் பதிலும் ஆகாது.

யார் விசாரிப்பது?

எல் சால்வடார் 2016-ல் ரோம் சாசனத்தில் சேர்ந்தது. எனவே ஹேக் நகரில் உள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால், உள்நாட்டில் நேர்மையாக விசாரிக்க மனமோ வசதியோ இல்லாதபோதுதான் அது தலையிடும். 2021 மே மாதமே அரசியல் சாசன அமர்வின் நீதிபதிகளையும் அட்டர்னி ஜெனரலையும் புக்கேலே கட்சியின் கையில் இருந்த நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆதாரம். 2025 மே மாதம் கிறிஸ்டோசலின் ஊழல் தடுப்புப் பிரிவுத் தலைவர் ரூத் லோபஸ் கைதானார். ஜூலையில் அந்த அமைப்பே நாட்டை விட்டு வெளியேறியது. இந்தக் குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. எத்தனை வருடம் கழித்தும் வழக்கு போடலாம். ஆனால் சிறையில் இறந்தவர்களின் கணக்கை எழுதி வைக்க ஆளே இல்லையென்றால், அன்றைக்கு நீதிபதி முன் எதை வைப்பது?