ஓரிக்கு மாலை, சாமைக்கு என்ன?

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்துச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மலை தெரியும். அதைப் பற்றி எழுதுகிற எங்கள் ஊர்க்காரர்கள் மூலிகையையும் அருவியையும் புகழ்ந்துவிட்டு முடிப்பது வழக்கம். இந்தத் தடவை நான் அந்த வழக்கத்தை மீறப் போகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆடிப் பதினெட்டு அன்று வல்வில் ஓரி விழாவுக்குப் போயிருந்தேன். என்னோடு வந்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் பால்ய சிநேகிதர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சங்கப் பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் ஓரியைப் பற்றி அவர் சொன்னபோது எனக்கே மெய்சிலிர்த்தது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மான், பன்றி என்று கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் யாரென்று அறியாத பாணர்கள் அவன் முன்னால் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அந்த வள்ளல் வெட்கப்படுகிறான். வெட்கப்பட்டுக்கொண்டே இறைச்சியும் தேறலும் பொன்னும் அள்ளிக் கொடுக்கிறான்.

தன் பெயரைக் கேட்டு நாணியவனுக்கு நாம் எடுக்கிற விழாவில் ஒலிபெருக்கிகள் எத்தனை! செம்மேட்டில் சிலைக்கு மாலை, மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, பிரசங்கம். பசி எடுத்தது. ஓரியின் மலையில் சாமைச் சோறு சாப்பிட வேண்டும் என்று எனக்கொரு ஆசை. கடை கடையாக ஏறி இறங்கினேன். பரோட்டா இருந்தது, பிரியாணி இருந்தது, கீழே கிடைக்கிற அத்தனையும் இருந்தது. சாமை மட்டும் இல்லை.

சோளக்காட்டுப் பக்கம் மிளகும் வாழையும் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் கேட்டேன்.

"சாமைச் சோறா? அதை இப்ப யாரு சாமி குத்தறாங்க? எங்க அம்மா காலத்துல குத்தினது. கை காப்புக் காச்சிப் போகும். இப்ப காடெல்லாம் குச்சிக்கிழங்குதான்."

"உங்களுக்குச் சாமை பிடிக்காதா, பாட்டி?"

"பிடிக்காம என்ன? கிழங்கு போட்டா ரோட்டுக்கு லாரி வருது, காசு வருது. சாமைக்கு எந்த லாரி வருது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் லாரி வருவது எங்கள் சமவெளியிலிருந்து. 1940-களில் உலகப் போர் கடல் வழியை அடைத்து, வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்தில் பிறந்த தொழில் இது. இன்று சேலம், நாமக்கல் பக்கம் சாலையில் போனால் வெள்ளை வெளேரென்று மாவு காய்கிற களங்களைப் பார்க்கலாம். 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்டது. எங்கள் குடும்பங்களில் பாதி இந்தத் தொழிலில் சாப்பிட்டவை. அதைப் பழித்தால் எனக்கே அடுக்காது. ஆனால் அந்த ஆலைகளின் பசிக்கு மலைக்காடும் இரையாயிற்று. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று மேட்டுக்கும் சரிவுக்கும் தனித்தனி விதை வைத்திருந்த மலையில், நாற்பது ஐம்பது வருஷத்துக்குள் கிழங்கு பரவிவிட்டது.

"கிழங்கைப் பயிரிடச் சொல்லி யாராவது கழுத்தைப் பிடித்தார்களா?" என்றார் ஆசிரியர். பிடிக்கவில்லை. உரலில் இடுப்பொடியக் குத்திய பெண்ணைப் பார்த்து, எங்கள் பண்பாட்டைக் காப்பதற்காக இன்னும் குத்து என்று சொல்ல எனக்கு அருகதை கிடையாது. அதனால்தான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இந்த மலையில் செய்த காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள், விதைகளைச் சேகரித்தார்கள். ஒரு மில் செய்கிற மரபுக் காவலை ஓராயிரம் பிரசங்கம் செய்யாது.

"பின்னே விழாவே வேண்டாம் என்கிறாயா? வேறு எப்படித்தான் மரபைக் காப்பது?" என்று கேட்டார் அவர்.

நான் ஹவாயைச் சொன்னேன். பசிபிக் மாகடலின் நடுவிலுள்ள அந்தத் தீவுகளின் அரசியை 1893-இல் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1898-இல் அமெரிக்கா தீவுகளைச் சேர்த்துக்கொண்டது. அதே அமெரிக்கா 1978-இல் கோனாக் கரையில் கலோகோ-ஹோனோகோஹாவ் என்ற சரித்திரப் பூங்காவை ஏற்படுத்தியது. அங்கே போகிறவர்கள் முக்கியமாகப் பார்ப்பது மீன் குளங்களை. சாந்தே இல்லாமல் எரிமலைக் கல்லை அடுக்கிக் கடலுக்குக் குறுக்கே ஒரு சுவர், சுவரில் மதகு, மதகில் நெருக்கமான மரச் சட்டங்கள். குஞ்சு மீன் இடுக்கு வழியே உள்ளே நுழையும். கொழுத்த பிறகு வெளியே போக முடியாது. பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று 1974-இல் அறிக்கை தந்த குழுவில் பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடிகள். சரிந்த சுவரைப் பழைய முறைப்படியே கல்லடுக்கி எழுப்பத் தொடங்கினார்கள். ராஜ்யத்தைப் பிடுங்கியவன் குளத்தைப் பேணுவதால் புண்ணியவான் ஆகிவிட மாட்டான். ஆனாலும், சாப்பாடு வந்த குளத்தைச் சரித்திரம் என்று ஒப்புக்கொள்ளும் புத்தி அவனுக்கு வந்திருக்கிறது. நமக்கு வந்திருக்கிறதா?

நமக்குச் சரித்திரம் என்றால் ராஜா. ராஜா இல்லாத இடத்தில் சரித்திரமே இல்லை. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று மலையை நாடுகளாகப் பகுத்து வாழ்ந்துவரும் மலையாளிகளை - கேரளத்தாரைச் சொல்லவில்லை, இந்த மலைக் குடிகளைச் சொல்கிறேன் - நாம் விழாவுக்கு வந்த கூட்டமாகத்தான் எண்ணுகிறோம். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வெவ்வேறு மலைகளில் குடியேறிய சகோதரர்களின் வழிவந்தவர்கள் என்று அவர்களுக்கு ஒரு வம்சக் கதை உண்டு. எந்த மேடையில் அதைச் சொல்லச் சொன்னோம்? ஓரியைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரி கொல்லியைப் பிடித்துச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. இந்த மலையை இன்னொருவனுக்கு எடுத்துக் கொடுப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கேட்டு வாங்கியது இந்தியா. நகரத்துக் கடைகளில் சாமை கண்ணாடித்தாள் பொட்டலத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மலைப் பள்ளிக்கூடங்களின் சத்துணவில் வாரம் ஒருநாள் மலையிலேயே விளைந்த சாமையைப் போடட்டும். அதற்கு நியாயமான விலை கொடுக்கட்டும். ஒவ்வொரு நாட்டிலும் உமி நீக்கும் மில் ஓடட்டும். விழா மேடையில் இரண்டு பிரசங்கிகளைக் குறைத்துவிட்டு அந்த மிளகுக் கிழவிக்கு அரைமணி கொடுக்கட்டும். எந்த விதையை எந்த மழைக்குப் போடுவது என்று அவள் சொல்வாள். இதற்கெல்லாம் ஆகிற செலவு பந்தல் செலவைவிட அதிகமாகிவிடாது என்பது என் அபிப்பிராயம்.

இறங்கும்போது ஆசிரியர் ஒரு வளைவிலும் வாய் திறக்கவில்லை. காரவள்ளி வந்ததும், "அடுத்த வருஷம் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்" என்றார். "போங்கள். ஆனால் அந்தப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு மேடை ஏறுங்கள்" என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.