உடுவிலில் எழுந்த பெண்பள்ளி

பெண்பிள்ளைகள் புத்தகமும் கையுமாய்ப் பள்ளி செல்வதைக் கண்டு இன்று நாம் வியப்பதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்போ, யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் மணலிலே எழுத்துக் கீறிப் பழகியவர் ஆண்பிள்ளைகளே. எழுத்தறிவு கோயில் நடன மாதர்க்கு உரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்பது ஊரார் எண்ணம்.

1820ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைரன் வின்சுலோவும் அவர் மனைவி ஹரியற் அம்மையாரும் உடுவிலிற் குடியேறினர். (1862இல் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டவர் இந்த வின்சுலோவே.) அம்மையார் தம் வீட்டிலேயே சிறுமியரைக் கூட்டிப் படிப்பிக்கத் தொடங்கினார். அவருடைய முதல் மாணவியரைப் பற்றி ஒரு கதை வழிவழியாக வழங்குகிறது. சிறுமியர் இருவர் பாடத்தை எட்டிப் பார்க்க வருவதுண்டாம். ஒருநாள் பெருமழையில் அகப்பட்டு இரவு அங்கேயே தங்கி உணவும் உண்டனராம். தந்தை சினத்தோடு வந்தாராம். ஆயினும் முடிவில் பிள்ளைகளை அம்மையாரிடமே விட்டுவிட்டாராம். அந்நியர் வீட்டிற் கைநனைத்த பிள்ளையை மீண்டும் தம் அடுக்களையிற் சேர்ப்பது அக்காலத்தில் எளிதான காரியமா?

1824இல் அது விடுதிப் பள்ளியாயிற்று. உணவும் உடையும் மிஷன் செலவு. அது போதாதென்று, படித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் மிஷனே கொடுத்தது! நம்மவர் மனத்தை அமெரிக்கர் எத்துணை விரைவில் அறிந்துகொண்டனர் பாருங்கள். மதமாற்றமே அவர்தம் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாசிக்கக் கற்ற பெண் தாயானபோது, அவள் பிள்ளைகளும் மடியிலிருந்தே எழுத்தறிந்தனர்.

ஹரியற் அம்மையார் 1833இல் உடுவிலிலேயே காலமானார். ஸ்போல்டிங் தம்பதியர் பள்ளியைத் தாங்கினர். 1840இல் நியூயோர்க்கிலிருந்து எலிசா அக்னியூ என்னும் மணமாகாத மாது வந்து சேர்ந்தார். 1879 வரை அவரே தலைமையாசிரியை. 1883இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பினாரல்லர். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் பயின்றனர். ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என்று அவரை அழைத்தனர். காலப்போக்கில் மிஷன் சீதனம் நின்றது. பெற்றோரே கட்டணம் செலுத்திப் பெண்களை அனுப்பலாயினர்.

சைவப் பெற்றோர்க்கு மட்டும் ஒரு மனக்குறை. மகள் படிக்கவும் வேண்டும், மதம் மாறவும் கூடாது. 1913இல் சேர் பொன். இராமநாதன், உடுவிலுக்கு அயலிலுள்ள மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கென விடுதியோடு கூடிய கல்லூரி ஒன்றை நிறுவினார். மகளைப் படிப்பிப்பதா என்று தயங்கிய வீடுகளில், எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற விவாதம் அதன்பின் நிகழ்ந்தது.